தாவல் என்று பெயர் வைத்தால் தாவத்தான் செய்யும்

நேற்று காலை ஏழு மணிக்கு மாமா ஹாலிலிருந்து போட்ட சத்தத்தில், வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மேல வரிசையா இருந்ததெல்லாம் காணோம்மா. துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

எதையும் யாரும் எடுத்துப் போகவில்லை. பிரவுசர் அப்டேட் ஆகி, தலைமாட்டில் படுத்திருந்த டேப் எல்லாம் இடது பக்கச் சுவரோரம் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எங்கள் வீட்டுப் பிரவுசர் மாமாவின் உத்தரவுப்படி தமிழில்தான் பேசும். டேப்புக்கு அதில் 'தாவல்'. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். "தாவல்னு பேர் வச்சா தாவத்தான் செய்யும்," என்றவர், அதற்குப் பிறகும் உட்காரவில்லை.

அடுத்து, இதை யார் செய்தது என்ற விசாரணை. மூலையில் அப்டேட் கேட்கும் குறி பச்சையாகி, ஆரஞ்சாகி, சிவப்பாகி, கிட்டத்தட்ட கெஞ்சிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும். யாரும் தொடவில்லை. என் கணவர் சத்தியம் செய்கிறார். அத்தைக்கு அந்த மவுஸைத் தொடுவதே பிடிக்காது. சின்னவளைக் கேட்டால் அழுகிறாள். கடைசியில் "அந்தக் கம்பெனிக்காரனே ராத்திரியோட ராத்திரியா வந்து மாத்திட்டுப் போயிருக்கான்" என்று மாமா தீர்ப்பு சொல்ல, சபை கலைந்தது.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முந்தின ராத்திரி கரண்ட் பில் கட்டுகிற அவசரத்தில், 'புதிய தோற்றத்தை முயன்று பாருங்கள்' என்று வந்த நீலப் பொத்தானை அமுக்கியது நான்தான். 'இப்போது வேண்டாம்' என்பதும் கீழே இருந்திருக்கிறது, சாம்பல் நிறத்தில், எறும்பு எழுதின மாதிரி. நீலமாகப் பெரிதாக எது வந்தாலும் அமுக்கிவிடுகிற கை எனக்கு. ஆனால் தீர்ப்பு வந்த பிறகு போய் ஒப்புக்கொள்வது நீதிமன்ற அவமதிப்பு அல்லவா? சும்மா இருந்துவிட்டேன்.

மாமாவைச் சமாதானப்படுத்த, இது உலகம் முழுக்க நடப்பதுதான் என்று ஆரம்பித்தேன். 2021-இல் ஐபோனில் முகவரி எழுதுகிற பட்டையை மேலேயிருந்து கீழே இறக்கினார்கள். சோதனைப் பதிப்பிலேயே ஊர் கூடித் திட்டியதில், வேண்டுமானால் மேலேயே வைத்துக்கொள்ளலாம் என்று வழிக்கு வந்தார்கள். "அப்ப நாமளும் திட்டலாம்கிற," என்றார். இப்போதெல்லாம் பெரிய பிரவுசர்களில் நாலு வாரத்துக்கொரு புதிய பதிப்பு வந்துவிடுகிறது என்று சொன்னது என் தப்பு. "நாலு வாரத்துல நான் பழகி முடிக்கிறதுக்குள்ள அடுத்ததா?"

என் கணவருக்கு இதில் சொந்த வரலாறே இருக்கிறது. 2016-இல் குரோமில் பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தின பக்கத்துக்குப் போகிற வசதியை எடுத்தார்கள். பாதி நிரப்பிய படிவம் அதனால் பறிபோய் அழுத ஆட்களில் நானும் ஒருத்தி, எனக்குப் பரம நிம்மதி. இவருக்கோ அது ஒரு மரணம். கூகுளே அதற்கென்று தனி நீட்சி ஒன்று வெளியிட்டது, அதைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகுதான் மனிதர் முகத்தில் களை வந்தது.

இவர் திறந்த டேப்பை மூடும் ரகமில்லை. ஃபோனில் குரோம் டேப் எண்ணிக்கையைச் சின்னக் கட்டத்தில் காட்டும். 99-ஐத் தாண்டினால் எண்ணுவதை விட்டுவிட்டு, முக்காற்புள்ளியும் ஆங்கில டி எழுத்தும் சேர்ந்த சிரிப்பு ஒன்றைப் போட்டுவிடும். இவர் ஒரு வருஷம் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். ஆனால் மேலே வரிசையாக இருந்தவரை யாருக்கும் எதுவும் தெரியாது. நூற்றுச் சொச்சம் டேப் ஒரே வரியில் நெருக்கியடித்து நின்றால், ஒவ்வொன்றுக்கும் தெரிவது கடுகளவு சின்னம் மட்டும்தானே. பக்கவாட்டுக்கு வந்ததும்தான் வினை. அங்கே தலைப்பு முழுசாகத் தெரிகிறது.

சின்னவள் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருக்கும் சமயம். சுவரில் ஒட்டியிருப்பது, மருந்துச் சீட்டு, எது கண்ணில் பட்டாலும் சத்தம் போட்டுப் படிப்பாள். மாமா வேறு நாற்காலியை இழுத்துப் போட்டு, "எங்க, மேலேர்ந்து ஒண்ணொண்ணா வாசி பார்ப்போம், தாத்தாவுதைக் கண்டுபிடிக்கலாம்," என்று உட்கார வைத்துவிட்டார்.

"முடி... உதிர்வதை... நிறுத்த... ஏழு வழிகள்."

இவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார்.

"மேலாளரிடம்... விடுப்பு... கேட்பது... எப்படி."

தண்ணீர் சத்தம் நின்றது.

"கு... றட்டை... விடும்... மனைவியிடம்... மனம் நோகாமல்... சொல்வது... எப்படி."

பாதி முகத்தில் நுரையோடு இவர் ஓடிவந்தார். தாமதம். உள்ளே இருந்து அத்தை, "நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

அந்த அப்டேட்டில் டேப்களைக் குழுவாகச் சேர்த்து, பெயரிட்டு, மடக்கி வைக்கும் வசதியும் உண்டு. டிவி ரிமோட்டில் மூன்று பொத்தானுக்கு மேல் தெரியாத மனிதர், ஐந்தே நிமிடத்தில் அதைக் கற்றுக்கொண்டார். அத்தனையும் ஒரே குழுவாக மடங்கிப் போனது. குழுவுக்குப் பெயர் 'அலுவலகம்'. என் குறட்டை இப்போது அலுவலக விவகாரம்.

ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு (நான் உட்பட எல்லோரும் குறட்டையோடு தூங்கியதாக இவர் சொல்லக்கூடும்), நான் செய்ததை நானே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'அலுவலகம்' மடங்கியிருக்க, வெளியே மிச்சம் ஆறே டேப். மாமாவினுடையவை. இரண்டு செய்தித்தாள், ஒரு பஞ்சாங்கம், ஒரு சதுரங்கம். மீதி இரண்டும் தேடல்.

'கணினியில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி'.

'எழுத்து பெரிசாக தெரிய என்ன செய்ய வேண்டும்'.

காலையில் சின்னவளை வாசிக்கச் சொன்னது அப்போதுதான் உறைத்தது. உட்காராமல் திரைக்கு முன்னால் குனிந்து நின்றதும்தான். அந்தத் தேடலுக்கு வந்திருந்த பதில்களும் அதே பொடி எழுத்தில்தான் இருந்தன. கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் அமுக்கினால் அந்தத் தளம் மட்டும் பெரிதாகும். அமைப்புகளுக்குள் போனால் எல்லாத் தளத்துக்கும் சேர்த்தே மாற்றலாம். 100-இல் இருந்ததை 150 ஆக்கினேன். டேப்களை அப்படியே விட்டுவிட்டேன்.

இன்று காலை மாமா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வீடே கேட்க அறிவித்தார். "என்னதான் திட்டினாலும், இந்த அப்டேட்ல ஒண்ணு உருப்படியா பண்ணியிருக்கான். எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரியுது. நேத்து நான் சத்தம் போட்டது அவனுக்குக் கேட்டிருக்கு."

கருத்து அனுப்பும் கட்டத்தைத் திறந்து கொடுக்கச் சொல்லி, கம்பெனிக்கு நன்றி தெரிவித்து நாலு வரி சொன்னார். நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். நீலப் பொத்தான்தான், ஆனால் இந்த முறை படித்துப் பார்த்துவிட்டு அமுக்கினேன்.