லிட்டருக்கு 6 பைசா

2007 ஜனவரியில் திருப்பூரில் எங்கள் சாயப்பட்டறையின் காஸ்டிங் ஷீட்டில், அதாவது செலவுக் கணக்குத் தாளில், ஒரு செலவைப் புதிதாகச் சேர்த்தேன். கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா அபராதம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஏப்ரலில் 8, ஜூனில் 10. கிலோ துணிக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 6 ரூபாய். ரேட்டில் ஏற்றிவிட்டேன். கணக்குப் பார்க்கிறவன் செய்யவேண்டியது அதுதான். ஆனால் குடோனில் வேலை பார்த்த பெரியவரிடம் அன்று பேசியது மனதை விட்டுப் போகவில்லை.

அவருக்கு ஒரத்துப்பாளையம் பக்கம் தென்னந்தோப்பு. அங்கே 1992-ல் பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத்தண்ணி தேங்கியது. கிணறு உப்பேறி, தோப்பு காய்ந்து, பட்டறைக்கே கூலிக்கு வந்தவர்.

"அந்த ஆறு பைசா எங்களுக்கு வருதுங்களா தம்பி?"

"அது கோர்ட்டுக்குக் கட்டறதுங்கய்யா. நஷ்டஈடு தனியாத் தர்றாங்களே."

"அதுல எத்தன லோடு தண்ணி வாங்கறதுங்க?"

"இதுக்கு மேல குடுக்கணும்னா துணி வாங்கற பையர் ரேட்டு ஏத்த மாட்டேங்கறாருங்க. நாங்க கேட்டா ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போயிரும்" என்றேன். உண்மைதான். அவரும் மறுக்கவில்லை, பேல் கட்டப் போய்விட்டார்.

உப்புக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பருத்தியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். கறுப்பு, நேவி என்றால் மூட்டை மூட்டையாக. பிடித்தபின் ஏறக்குறைய அத்தனை உப்பும் தண்ணீரோடு வெளியேறிவிடும். உப்பு வாங்கிய பில் என் ஃபைலில் இருக்கும். அது போய்ச் சேரும் இடத்துக்கு பில் கிடையாது.

காலேஜில் பிகூ என்ற பொருளாதார அறிஞரைப் படித்திருக்கிறேன். அடுத்தவர் தலையில் விழும் செலவை வரியாக்கி, செய்கிறவன்மேலேயே போட்டால் அவன் குறைத்துக்கொள்வான் என்று 1920-லேயே எழுதியவர். எங்கள் பட்டறையில் அந்த 6 ரூபாய் வந்தபின் ஒரு குடம் தண்ணீர்கூடக் குறையவில்லை. கரண்ட் பில், விறகு, அபராதம் என்று வரிசையில் சேர்ந்துகொண்டது. பணம் கட்டியாச்சு, தண்ணியை விடலாம் என்கிற தைரியம்கூட வந்ததோ என்று சந்தேகப்படுகிறேன். அதற்கு முன் அந்தச் செலவு எந்தத் தாளிலும் இல்லாமல் இருந்ததே, அது மட்டும் நல்லதா?

2011 ஜனவரியில் நீதிமன்றம் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொன்னது. திருப்பூரே ஸ்தம்பித்தது; கூலிக்காரர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன், அந்த உத்தரவை முழுமனதாகப் பாராட்ட என்னால் முடியாது. ஆனால் கழிவு வெளியேறாத சுத்திகரிப்போடு திறந்தபோது உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் செலவெல்லாம் ரேட்டில் ஏறியது. முனகிக்கொண்டே பையர்கள் கொடுத்தார்கள். சில ஆர்டர்கள் வெளியூர் போனது நிஜம். மீதியெல்லாம், பக்கத்துப் பட்டறையிலும் அதே ரேட் என்பதால் நின்றது.

அப்படியானால் பெரியவரிடம் நான் சொன்னது பாதிதான் உண்மை: ஒரு பட்டறையால் முடியாதது, எல்லாப் பட்டறைக்கும் சேர்ந்து முடிந்திருக்கிறது. ஆனால் அந்த ரேட்டும் இனி கழிவை விடாமலிருப்பதற்கான கூலிதான். ஏற்கெனவே உப்பேறிய கிணறு அதில் இல்லை. அதற்கு கிலோவுக்கு எவ்வளவு போடுவது, எந்தப் பையரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த 6 ரூபாயை மறுபடி எழுதச் சொன்னால் எழுதத்தான் செய்வேன்.