ஓபரா ஹவுஸ் தேடி 23 டாலர் தொலைத்த கதை

பாஸ்டனில் டாக்சி ஏறினால் 'ஓபரா ஹவுஸ்' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'வாஷிங்டன் தெரு' என்று சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. ஓட்டுநர் என்னை ஹண்டிங்டன் அவென்யூவில் 'ஓபரா பிளேஸ்' என்ற குட்டித் தெருவின் முனையில் இறக்கிவிட்டார். 23 டாலர், டிப்ஸ் தனி! சுற்றிலும் பல்கலைக்கழகக் கட்டடங்கள். "பேர் இதுதானே?" என்று என்னையே கேட்கிறார். 1909-இல் திறந்த அசல் பாஸ்டன் ஓபரா ஹவுஸ் அந்தப் பக்கம்தான் இருந்ததாம். 1958-இல் இடித்துவிட்டார்கள். தெருவுக்கு மட்டும் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காசில் ஒரு நாள் சாப்பாட்டை முடித்திருப்பேன்.

அப்புறம் கிரீன் லைன் ரயில், வெறும் 2.40 டாலர். பாய்ல்ஸ்டனில் இறங்கி ஐந்து நிமிட நடை. எரிச்சலோடுதான் உள்ளே போனேன். பளிங்குத் தூண்கள், தங்கப் பூச்சு, தலைக்கு மேலே சரவிளக்கு. சரி, டாக்சிக்காரரை மன்னித்தாயிற்று.

இது ஓபரா என்ற பாட்டு நாடகத்துக்காகக் கட்டிய இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. பாட்டு, கூத்து, வித்தை எல்லாம் கலந்த வாடவில் நிகழ்ச்சிகளால் பணக்காரரான பி. எஃப். கீத் நினைவாக, அவருடைய கூட்டாளி ஆல்பீ 1928-இல் கட்டியது. அப்போது பெயர் கீத் மெமோரியல். பேசும் படம் வந்து வாடவிலையே விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வாடவிலுக்கு ஒரு அரண்மனை! சீக்கிரமே அது ஆர்கேஓ கீத்ஸ் என்ற சினிமாக் கொட்டகை ஆனது. 1965-இல் சவாய்.

இருக்கை காட்டிய அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். "எனக்கு இது இன்னும் சவாய்தான்" என்றார். ஒரு தியேட்டரை இரண்டாக்க மேடைக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, பின்னால் இன்னொரு திரை மாட்டினார்களாம். "மேடை மேலேயே உட்கார்ந்து படம் பார்த்திருக்கேன்!" சொல்லும்போது கையால் அந்தச் சுவரைக் காற்றில் வரைந்து காட்டினார்.

1978-இல் சாரா கால்டுவெல் தன் ஓபரா குழுவுக்காக இதை வாங்கினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் இசை நடத்திய முதல் பெண் அவர். ஓபரா என்ற பேர் அப்படி வந்ததுதான். குழுவிடம் காசு இல்லை, கூரை ஒழுகியது, 1990 வாக்கில் கதவைச் சாத்தினார்கள். 2004-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். இப்போது பேருக்கு முன்னால் ஒரு வங்கியின் பேர் வேறு. கண்றாவி. உள்ளே நடப்பதோ பாலே நடனமும் நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களும். நான் பார்த்ததும் பாலேதான், மாடியில் இருந்ததிலேயே மலிவான இருக்கையில். பாதி மேடைதான் தெரிந்தது. மீதி நேரம் கூரையைப் பார்த்தேன், நஷ்டமில்லை.

வெளியே வரும்போது அந்த அம்மாவிடம், "திரும்பிப் போக டாக்சியில் எந்தப் பேரைச் சொல்லணும்?" என்று கேட்டேன்.

"டாக்சி எதுக்கு? டவுன்டவுன் கிராசிங் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, நடந்து போங்க."