சான்றிதழில் ஒரு வரி, எங்களுக்கு மூன்று மாதம்

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வயது 19. அவனை மோட்டார் சைக்கிள் திருத்தும் கோர்ஸில் சேர்க்க ஜனவரியில் ஓடத் தொடங்கி, ஏப்ரலில்தான் இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதம் எல்லாம் இரண்டே நாளில் சரி. அலைய வைத்தது வைத்தியச் சான்றிதழ்தான்.

எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, மாதாந்தக் கொடுப்பனவுக்காக எடுத்தது. அதில் வைத்தியர் 'தொழில் செய்ய இயலாதவர்' என்று எழுதியிருந்தார். கொடுப்பனவு கிடைக்கட்டும் என்று இரக்கப்பட்டு எழுதியதுதான், அம்மாவும் அன்றைக்கு அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அதே காகிதத்தின் போட்டோகொப்பியைப் பயிற்சி நிலையத்தில் கொடுத்தபோது, மேசையில் இருந்தவர் அந்த வரிக்குக் கீழே விரலை வைத்து, "தொழில் செய்ய ஏலாதெண்டு டொக்டரே எழுதியிருக்கார், நாங்க எப்படித் தொழில் பழக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். தம்பி பக்கத்தில்தான் நின்றான், அவனை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கையால் கேட்டான். சொல்ல மனம் வரவில்லை, கொப்பி தெளிவில்லையாம் என்று பொய் சொன்னேன்.

அப்புறம் ஆஸ்பத்திரிக்கு மூன்று நடை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியும், ஒரு நடை என்றால் ஒரு நாள் போய்விடும். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்ததால் வாவியைக் கடக்கும் பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்திருக்கும் வேலை இல்லை, ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கத்தானே வேண்டும். முதல் நாள் வைத்தியர் லீவு. இரண்டாம் நாள் நம்பர் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள், ஒரே ஆளுக்கு இரண்டு விதமாக எழுத முடியாது என்றார்கள். பஸ்ஸில் வரும்போது அழுதேவிட்டேன்.

வழி காட்டியது ஒரு சமூக சேவை உத்தியோகத்தர். பழையதைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், புதிதாக ஒரு கடிதம் கேளுங்கள், அதில் கோர்ஸின் பெயர் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னபடியே கேட்டோம். 'இரு காதுகளும் கேட்காது. பார்வையும் கை கால்களும் நலம். மோட்டார் சைக்கிள் திருத்தும் பயிற்சி பெறத் தகுதியானவர்' என்று இரண்டு வரியில் கிடைத்தது. இதே அலைச்சலில் இருக்கும் யாராவது வாசித்தால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: என்ன இயலாது என்பதோடு என்ன இயலும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அசலைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வில் அடுத்த தடை. ஹோர்ன் சத்தம் கேட்காதவன் வேர்க்‌ஷொப்பில் எப்படி நிற்பான் என்று ஒருவர் கேட்டார். இந்தத் தடவை நான் தயாராகப் போயிருந்தேன். இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும், இலங்கையின் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். இயலாமையைக் காரணம் காட்டி வேலைக்கோ கல்வி நிறுவனத்துக்கோ எடுக்காமல் விடக்கூடாது என்பது அதில் இருக்கிறது. அவர் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த மாஸ்டர் எழும்பி, தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, வாசலில் நின்ற பைக்கைக் காட்டி ஒரு பிளக் ஸ்பானரை நீட்டினார். மாமாவின் கராஜில் 15 வயதிலிருந்து நின்றவன், பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான். நுனி முழுக்கக் கரி. விரலால் துடைத்து மாஸ்டருக்குக் காட்டிவிட்டு, காபரேட்டரைத் தொட்டு, பெற்றோல் கூடுதலாகப் போகிறது என்று கையால் சொன்னான். நான் மொழிபெயர்க்க முதலே மாஸ்டர் தலையாட்டிவிட்டார்.

வேலை ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு, கோர்ஸ் முழுக்கப் படிக்காமலே மதிப்பீடு செய்து என்.வீ.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் கொடுக்கும் முறையும் இருக்கிறது, முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். மூன்று மாதம் அலைந்ததில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை என்பது இன்னும் மனதில் நிற்கிறது. கராஜில் நிற்கும் பிள்ளைகள் இருந்தால் விண்ணப்பம் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இப்போது செய்முறை வகுப்பில் அவனுக்குப் பிரச்சினை இல்லை. தியரிக்குத்தான் சைகை மொழி தெரிந்தவர் யாரும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள் நான் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். எழுத்துப் பரீட்சைக்காவது ஒருவரை ஒழுங்கு செய்து தரும்படி கடிதம் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை திரும்பப் போகிறேன்.