184 மில்லி ஆம்பியர்

ஜூன் 3
லேசருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் செய்ய ரிச்சி தெருவில் மத்தியான வெயிலில் ஒரு சுற்று. எல்எம்317 ஐசி, 6.8 ஓம் ரெசிஸ்டர், 1என்4001 டையோடு கைநிறைய. கடைக்காரர் கால் வாட் ரெசிஸ்டரை எடுத்துப் போட்டு "எல்லாரும் இதுதான் சார் வாங்குவாங்க" என்றார். இதில் 0.23 வாட் சூடாகும், கால் வாட் தாங்குவது பேருக்குத்தான். ஒரு வாட் கேட்டு வாங்கினேன். லேசர் டையோடு பழைய டிவிடி ரைட்டரிலிருந்து கழற்றி வைத்தது இருக்கிறது. கண்ணைக் காக்கிற லேசர் கண்ணாடிதான் வரணும்.

ஜூன் 4
கண்ணாடி வரவில்லை.

ஜூன் 5
பேட்டரியை நேராகக் கொடுத்தால் என்ன என்று தம்பி கேட்கிறான். எல்லாரும் கேட்பதுதான். வோல்டேஜ் துளி ஏறினால் கரண்ட் எகிறும், டையோடு சூடாகும், சூடானால் அதே வோல்டேஜில் இன்னும் அதிகம் இழுக்கும், கடைசியில் ஒளி வெளிவருகிற அந்தக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி முகம் வெந்துபோகும். அப்புறம் அது லேசர் இல்லை, மங்கலான எல்இடி. அதனால் கரண்டைத்தான் கட்டிப்போட வேண்டும். எல்எம்317 தன் அவுட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட் வைத்துக்கொள்ளப் பார்க்கும். அங்கே 6.8 ஓம் போட்டால் 1.25 வகுத்தல் 6.8, 184 மில்லி ஆம்பியர். லேசர் டையோடை அட்ஜஸ்ட் காலோடு இணைக்க வேண்டும், அடிப்படை சர்க்யூட் அவ்வளவுதான். டையோடுக்குச் சுமார் இரண்டரை, ரெசிஸ்டருக்கு ஒன்றேகால், ஐசி தனக்கென்று விழுங்குவது இரண்டு. போன் சார்ஜரின் 5 வோல்ட் பத்தாது. இரண்டு லித்தியம் செல் தொடராக, 7.4.

அப்பாவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் 210. காப்பியில் சர்க்கரையே போடவில்லை என்று சத்தியம் செய்கிறார்.

ஜூன் 7
சோதித்துப் பார்க்க லேசருக்குப் பதிலாக மூன்று 1என்4001, கூட ஒரு 1 ஓம் ரெசிஸ்டர். மீட்டரில் 1 மில்லி வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர், கணக்கே வேண்டாம். 181 காட்டியது. அரை மணி நேரம் ஓடவிட்டேன், 180. ஐசியின் முதுகுத் தகடு அவுட் காலோடு சேர்ந்தது, அதனால் ஹீட்சிங்க், லேசர் டையோடு செருகிய பித்தளைக் குழாயில் படாமல் மைக்கா வைத்தேன்.

ஜூன் 8
அப்பாவின் கண்ணுக்கு லேசர் சிகிச்சை, அடுத்த சிட்டிங். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். கதவில் மஞ்சள் முக்கோணம், கீழே 532 நானோமீட்டர். பச்சை. எவ்வளவு பவர் என்று டாக்டரிடம் கேட்டேன், அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, 200 மில்லி வாட் அளவில், ஒவ்வொரு புள்ளிக்கும் கண நேரம்தான் என்றார். என் மேஜையில் இருப்பதும் அதற்கு ரொம்பக் கீழே இல்லை. விழித்திரையின் ஓரத்தை லேசாகச் சுட்டு நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். வண்டியில் வரும்போது அப்பா, "டேய், நீ வீட்ல செய்யறதும் இதேதானா?" இல்லப்பா, அது சிவப்பு என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூன் 9
அதே 200 மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 11
சால்டரிங். நம்ம ஊர் புழுக்கத்தில் ஸ்டாட்டிக்கை விட எனக்குப் பயம் சால்டரிங் அயர்ன்தான். இரண்டு பின் பிளக், எர்த் கிடையாது, முனையில் டெஸ்டர் வைத்தால் லேசாக எரிகிறது. டையோடின் கால்களை ஒரு மெல்லிய செம்பு இழையால் சுற்றி ஒன்றாக்கி, அயர்ன் நன்றாகச் சூடானதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்தேன். டிரைவரின் அவுட்புட்டில் இருக்கிற கெபாசிட்டர் இன்னொரு தலைவலி. டையோடு இல்லாமல் டிரைவர் ஓடினால் அவுட்புட் 6 வோல்ட்டுக்கு மேல் ஏறி கெபாசிட்டரில் தங்கிவிடும், அப்புறம் டையோடை வைத்தால் மொத்தமும் ஒரே அடியாக அதில் இறங்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் இணைத்தேன். பூஜ்யம் பார்த்தும் மறுபடி ஷார்ட் செய்தேன். செம்பு இழையைக் கடைசியாகத்தான் எடுத்தேன்.

ஜூன் 14
கண்ணாடி வந்தது. பச்சை பிளாஸ்டிக், எந்த அலைநீளத்துக்கு என்றும் இல்லை, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற ஓ.டி. எண்ணும் இல்லை. இது கூலிங் கிளாஸ். ரிட்டர்ன் போட்டாச்சு. பளபளப்பான பரப்பில் பட்டுத் திரும்புகிற ஒளியைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள் மகா தைரியசாலிகள். 5 மில்லி வாட்டைத் தாண்டினாலே கண்ணுக்கு ஆபத்தான 3பி வகுப்பு. சரியான கண்ணாடி வராமல் லேசரைப் போடவே மாட்டேன்.

ஜூன் 15
அந்த ரைட்டரில் சிடிக்கான 780 நானோமீட்டர் டையோடும் இருக்கும். மங்கலாகத் தெரியும், பவர் இல்லை என்று நினைத்துக் குனிந்து பார்ப்பார்கள். டப்பாவில் போட்டு டேப் ஒட்டினேன்.

ஜூன் 17
அப்பா காலண்டர் தேதியைத் தானே படித்தார். பார்த்துப் படித்தாரா, ஞாபகத்தில் சொன்னாரா என்று கேட்கவில்லை.

ஜூன் 18
ஒன்றுமில்லை. கரண்ட் கட்.

ஜூன் 21
வேறு கடையிலிருந்து கண்ணாடி. நீல நிறம், ஃபிரேமிலேயே 630–660, ஓ.டி. 4 என்று பொறித்திருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். விலை டிரைவரைப் போலப் பல மடங்கு, போகட்டும். செல்கள் சார்ஜில் இருக்கின்றன. நாளைக் காலை அப்பாவுக்குச் செக்கப், எட்டு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள், டோக்கன் போட யாராவது ஏழுக்கே போகணும்.