மஞ்சள் விளக்கும் உறைந்த ஆர்கானும்

கடலூர் சில்வர் பீச் போகும் வழியில் இன்று ஒரே ஒரு பழைய சோடியம் விளக்கு. மற்றதெல்லாம் வெள்ளை எல்இடி.

தனி சோடியம் அணு ஆவியில் விழுங்கும் மஞ்சள் இரண்டே மெல்லிய கோடுகள்: 589.0, 589.6 நானோமீட்டர்.

அதே அணுவை, உறைந்த ஆர்கான் வாயுவுக்குள் புதைத்தால் கோடுகள் பருத்துப் பட்டைகளாகும். மும்மூன்று முகடுகளாகப் பிரியும், இடமும் மாறும். அணு எந்த இடுக்கில் சிக்கியது என்பதைப் பொறுத்து நிறமே வேறு!

செய்முறையில் பொறுமைதான் பாதி. வெற்றிடத்தில் ஒளி ஊடுருவும் சன்னலை 10 கெல்வின் (சுமார் மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்) அளவுக்குக் குளிர்வித்து, சோடியம் ஆவியையும் ஆர்கானையும் சேர்த்து மெதுவாகப் படிய விடவேண்டும். ஓர் உலோக அணுவுக்கு ஆயிரம் ஆர்கானாவது வேண்டும். குறைந்தால் சோடியம் ஜோடி சேர்ந்து வேறு பட்டைகள் முளைக்கும். அவசரப்பட்டால் படலம் பனிபோல் வெளுத்து ஒளியைச் சிதறடிக்கும். காற்றுக் கசிவு இருந்தால் ஆக்சிஜன் சோடியத்தைத் தின்றுவிடும்.

35 கெல்வினைத் தாண்டவே கூடாது. அணுக்கள் நகர்ந்து ஒன்றையொன்று தேடிக்கொள்ளும்.

எதோடும் சேராது என்று பள்ளியில் படித்த ஆர்கான், பக்கத்து அணுவின் நிறத்தையே மாற்றுகிறது. எனக்கு இது அலுக்கவே அலுக்காது.

ஆர்கானுக்குப் பதில் நியான் வாயுவில் செய்ய இன்னும் கீழே, 4 கெல்வினுக்கு இறங்கவேண்டும். அது 24.6 கெல்வினிலேயே உருகிவிடும்.