ஸ்க்ரை எத்தனை பங்கு? 96 துடுப்புத் துணுக்குகளில் ஒரு கணக்கு

காட் லிவர் ஆயில் புட்டியில் பெயரளவில் பார்த்த அதே காட் மீன்தான். ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை பேரண்ட்ஸ் கடலிலிருந்து கூட்டங்கூட்டமாக நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு முட்டையிட வருகிறது. அங்கே அதற்கு ஸ்க்ரை என்று பெயர். அதே மாதங்களில், அதே கடலில், கரையோரத்தை விட்டு விலகாத இன்னொரு காட் கூட்டமும் முட்டையிடும். முன்னது பெருங்கூட்டம், பின்னது நலிந்த கூட்டம். வலையில் இரண்டும் கலந்தே ஏறும்.

இரண்டையும் பிரித்தறிய, மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லை உடைத்து உள்வளையத்தின் வடிவத்தைப் பார்ப்பது 1930களிலிருந்து வரும் முறை. நல்ல முறைதான், ஆனால் கைதேர்ந்தவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதனால் லோஃபோட்டனின் ஹென்னிங்ஸ்வேர் பகுதியில் 2009 முதல் மரபணுச் சோதனையும் நடக்கிறது. மாதிரி ஆய்வகம் சேர்ந்து ஒரு நாளுக்குள் முடிவு வந்துவிடும். அதை வைத்து அந்தப் பகுதியை மீன்பிடிப்புக்குத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கிறார்கள்.

பார்ப்பது பான்டோஃபைசின் என்ற ஒரே மரபணுவைத்தான். அதற்கு ஏ, பி என்று இரண்டு வடிவங்கள். ஸ்க்ரையில் பி மிகுதி, கரையோர மீனில் ஏ மிகுதி. ஸ்க்ரையில் 0.90, கரையோர மீனில் 0.15 என்று பி-யின் விகிதத்தை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பிடித்த மீன்களில் அது 0.70 வந்தால், 0.70-இலிருந்து 0.15-ஐக் கழித்து, வரும் 0.55-ஐ 0.75-ஆல் (0.90-க்கும் 0.15-க்கும் உள்ள வித்தியாசம்) வகுக்க வேண்டும். ஸ்க்ரையின் பங்கு ஏறக்குறைய 73 சதவீதம்.

இந்த 73-ஐ அப்படியே பிடித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. 96 மீன் என்றால், மீனுக்கு இரண்டு வீதம் 192 மரபணுப் பிரதிகள். கணக்கின் பிழை இருபக்கமும் சுமார் 9 புள்ளியாவது வரும், அதாவது 64 முதல் 82 வரை எதுவும் இருக்கலாம். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு மீன் வேண்டும்.

இன்னொன்று, ஒரு மீனைக் கையில் எடுத்து 'இது ஸ்க்ரை' என்று சொல்ல இந்தச் சோதனை உதவாது. மேலே சொன்ன விகிதப்படி பார்த்தால், ஸ்க்ரையிலேயே நூற்றுக்குப் பதினெட்டு மீனில் ஏ-யும் பி-யும் சேர்ந்திருக்கும். அதைக் கலப்பினம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு, தப்பு.

கையில் செய்யும் வேலை எளிது, கெடுவதும் அங்கேதான். துடுப்பிலோ செவுளிலோ சின்னத் துண்டு போதும். 96 சதவீத எத்தனால், சதையைப் போல பத்து மடங்கு அளவுக்கு ஊற்ற வேண்டும். புட்டியில் சதையைத் திணித்தால் அதிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்து டிஎன்ஏ சிதையும். ஃபார்மலின் பக்கமே போகக் கூடாது. மீனுக்கு மீன் கத்தரியைத் துடைக்காவிட்டால் முந்தைய மீனின் சளி ஒட்டிவந்து, ஏ மட்டும் உள்ள மீன் இரண்டும் உள்ளதாகக் காட்டும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் தட்டில் ஒன்றிரண்டு குழிகளை மாதிரி போடாமல் விடுங்கள். அதில் விடை வந்தால் தட்டையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

ஆய்வகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரே வலையில் 96-ஐயும் எடுத்தால் பயனில்லை. ஆழத்தில் பி மிகுந்த மீன், ஆழம் குறைந்த இடத்தில் ஏ மிகுந்த மீன் என்று அவை பிரிந்து நிற்கும் போக்கு உண்டு. நாலைந்து படகுகள், வெவ்வேறு ஆழம், வெவ்வேறு வலை என்று பிரித்து எடுப்பதே சரி. அந்த 0.15-உம் கல்வெட்டு அல்ல. கரையோரக் கூட்டத்தில் பி-யின் விகிதம் தெற்கிலிருந்து வடக்கே போகப்போக ஏறும், ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை மாதிரி அந்தந்தக் கடலிலிருந்தே வர வேண்டும்.