பழைய வகுப்புப் படமும் அவளின் பெயரும்

எண்பதுகளில், தொண்ணூறுகளில் கொழும்பில் ஆண்கள் பாடசாலைகளில் படித்தவர்கள் இப்போது பழைய வகுப்புப் படங்களைத் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். அதில் இன்று பெண்ணாக வாழும் கூட்டாளி ஒருத்தி நின்றால், போடமுதல் அவளிடம் ஒரு சொல் கேளுங்கள். பழைய பெயரை, அதைவிட அந்தப் பட்டப்பெயரை, எழுதி டேக் பண்ணாதீர்கள். அவள் உயிரோடு இல்லையென்றால், தனக்கென்று வைத்துக்கொண்ட பெயரை எழுதுங்கள்.

அந்தக் காலத்தில் அவளுக்கு முறையான வழியே இருக்கவில்லை. பொலிசிடம் மட்டும் அவளைப் பிடிக்க, தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டத்துக்கான 399ஆம் பிரிவும் 1841இன் நாடோடிகள் கட்டளைச் சட்டமும் இருந்தன. 2016இல் வந்த அரசாங்கச் சுற்றுநிருபத்துக்குப் பிறகுதான், 16 வயதுக்கு மேற்பட்டவர் உளமருத்துவ நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்த முடிந்தது. அது கையில் வந்தபிறகே அடையாள அட்டைக்காக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகலாம்.

பெரிய இழுபறி அடையாள அட்டைதான். எண்ணே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பிறந்தநாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது அதில் இருக்கும்: பெப்ரவரி 1 பிறந்த ஆணுக்கு 032, பெண்ணுக்கு 500 கூட்டி 532. பெயரை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்? எண் மாறினாலோ வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதி, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் பின்னால் போய்த் திருத்தவேண்டும். பழைய அட்டையின் போட்டோ கொப்பியை எறியவே கூடாது.

பாடசாலை விடுகைப் பத்திரம் இன்னொரு தலையிடி. பெயரைத் திருத்தினாலும் மேலே ஆண்கள் பாடசாலையின் பெயர் இருக்கும். பழைய மாணவர் சங்கத்தில் இருப்பவர்கள் அவளோடு பாடசாலை அலுவலகத்துக்குத் துணைக்குப் போங்கள்.